சந்தை விழும்போது சம்பாதிக்க முடியுமா? மிளகு மூட்டையில் தொடங்கும் ஒரு கணக்கு

2024 செப்டம்பர் 27 அன்று நிஃப்டி 26,277 என்ற உச்சத்தைத் தொட்டது. அதுக்கப்புறம் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று தொடர்ந்து ஐந்து மாதம் இறக்கம். 1996-க்குப் பிறகு நிஃப்டி இப்படி வரிசையாக ஐந்து மாதம் விழுந்தது அதுதான் முதல் தடவை. பிப்ரவரி கடைசியில் 22,124-ல் வந்து நின்றபோது உச்சத்திலிருந்து ஏறக்குறைய 16 சதவீதம் காணாமல் போயிருந்தது.

மார்க்கெட் ஏறும்போது ஹாஸ்டலில் எல்லாருமே வாரன் பஃபெட்தான். இறங்க ஆரம்பித்ததும் பாதிப் பேர் ஆப்பைத் திறப்பதையே நிறுத்திவிடுவார்கள். மீதிப் பேர் வேறொரு வசனம் பேசுவார்கள்: "விழும்போதுதான் மச்சான் நிஜமான காசு. புட் வாங்கு, ஷார்ட் அடி."

இது உண்மையா? உண்மைதான். சந்தை விழும்போதும் சம்பாதிக்க வழிகள் இருக்கின்றன, சட்டப்படியே இருக்கின்றன, நானூறு வருஷமாக இருக்கின்றன. ஆனால் அந்தக் காசு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு இறங்கினால் நல்லது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில், இல்லாத பொருளை எப்படி விற்பது?

நம் சேலத்துக்கு மேலே ஏற்காடு. அந்தச் சேர்வராயன் மலையில் இருக்கும் ஊர்களில் ஒன்று செம்மநத்தம். காபியும் மிளகும் விளையும் மலை இது. விலை விழுவது என்றால் என்ன என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த மலைக்காரர்கள். அதனால் உதாரணத்தை அங்கிருந்தே எடுப்போம். எண்கள் கணக்குக்காக மட்டும்.

செம்மநத்தத்தில் உங்கள் பக்கத்துத் தோட்டக்காரரிடம் 10 கிலோ மிளகு இருப்பு இருக்கிறது. இன்று கிலோ 700 ரூபாய். அடுத்த மாதம் விலை இறங்கும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. "அண்ணே, உங்க 10 கிலோவைக் கடனாக் குடுங்க, அடுத்த மாசம் அதே 10 கிலோவாத் திருப்பித் தர்றேன்" என்று கேட்டு வாங்குகிறீர்கள். உடனே கொண்டுபோய் விற்கிறீர்கள். கையில் 7,000 ரூபாய்.

அடுத்த மாதம் விலை 600 ஆகிவிட்டது. 6,000 ரூபாய்க்கு 10 கிலோ வாங்கி அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். மிச்சம் 1,000 ரூபாய் உங்களுடையது. அவ்ளோதான். இதுதான் ஷார்ட் செல்லிங். முதலில் விற்பது, பிறகு வாங்குவது.

இப்போ கணக்கைத் திருப்பிப் பாருங்க. விலை இறங்காமல் 900-க்கு ஏறிவிட்டால்? 9,000 கொடுத்து வாங்கித்தான் திருப்பித் தரணும். 2,000 நஷ்டம். 1,400-க்குப் போனால் 7,000 நஷ்டம். மிளகு விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே உங்கள் அதிகபட்ச லாபம் 7,000. ஆனால் மேலே போக எல்லை கிடையாது. பங்கை வாங்கி வைத்திருப்பவருக்கு நஷ்டத்துக்கு ஓர் எல்லை உண்டு, போட்ட பணம் போகும், அதோடு முடிந்தது. ஷார்ட் அடித்தவருக்கு அந்த எல்லை இல்லை.

இதில் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. அண்ணனுக்குத் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருக்கிறது. விலை என்னவாக இருந்தாலும் வாங்கியே ஆகணும். இந்தக் 'கட்டாயம்' என்ற சொல்லை ஞாபகம் வெச்சுக்கோங்க. கட்டுரை முழுக்க இதுதான் வரப்போகிறது.

கட்டாயத்தில் மாட்டியவர்களின் கதை

ஷார்ட் அடிப்பதில் சரித்திரத்தில் முதல் பெரிய பெயர் ஐசக் லெ மேர். 1609-ல் ஆம்ஸ்டர்டாமில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகள் விழும் என்று ஒரு ரகசியக் கூட்டணி சேர்த்து, கையில் இல்லாத பங்குகளைப் பின்னால் தருவதாக விற்றார். விலை இறங்கவும் செய்தது. கம்பெனி அரசாங்கத்திடம் முறையிட, 1610-ல் கையில் இல்லாத பங்கை விற்பதற்குத் தடை வந்தது. லெ மேரின் கூட்டணி நஷ்டத்தில் முடிந்தது, அவரும் ஆம்ஸ்டர்டாமை விட்டு வெளியேறினார்.

நம் ஊர்க் கதை இன்னும் சுவாரசியம். 1982 மார்ச். மும்பைப் பங்குச் சந்தையில் ரிலையன்ஸ் பங்கு 131 ரூபாய் அளவில் இருந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த ஒரு கரடிக் கூட்டம், அதாவது விலை இறங்கும் என்று பந்தயம் கட்டும் புரோக்கர்கள், லட்சக்கணக்கான பங்குகளைக் கையில் இல்லாமலே விற்றுத் தள்ளினார்கள். விலை 121-க்கு இறங்கியது. மறுபக்கம் 'ரிலையன்ஸின் நண்பர்கள்' என்று சொல்லிக்கொண்டவர்கள் வந்த பங்கையெல்லாம் வாங்கிக் குவித்தார்கள். ஏப்ரல் கடைசியில் கணக்கு முடிக்கும் நாள் வந்தது. வாங்கியவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "காசு வேண்டாம், பங்கைக் கொடு."

கொடுக்கப் பங்கு இல்லை. தவணை நீட்டிக்க வேண்டுமானால் ஒரு பங்குக்கு 35 ரூபாய் கொடு என்றார்கள். நெருக்கடி முற்றி எக்ஸ்சேஞ்ச் மூன்று நாள் மூடப்பட்டது. கடைசியில் கரடிகள் கிடைத்த விலைக்கு வாங்கிக் கொடுத்துத்தான் தப்பிக்க வேண்டியிருந்தது. அவர்கள் வாங்க வாங்க விலை இன்னும் ஏறியது. இதைத்தான் ஷார்ட் ஸ்குவீஸ் என்கிறார்கள்.

வெற்றிக் கதை இல்லையா? இருக்கிறது. 1929-ல் அமெரிக்கச் சந்தை நொறுங்கியபோது ஷார்ட் அடித்து சுமார் 10 கோடி டாலர் சம்பாதித்ததாகச் சொல்லப்படும் ஜெஸ்ஸி லிவர்மோரை எல்லா டிரேடிங் வீடியோவிலும் காட்டுவார்கள். 1934-ல் அதே லிவர்மோர் திவாலானதை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று. சந்தை ரொம்ப மோசமாக விழும்போது ஆட்டத்தின் விதியே மாறலாம். 2001 மார்ச்சில் செபி ஷார்ட் செல்லிங்கைத் தடை செய்தது. 2008 செப்டம்பரில் அமெரிக்கா 799 நிதி நிறுவனப் பங்குகளில் ஷார்ட் அடிப்பதைத் தற்காலிகமாக நிறுத்தியது. 2020 மார்ச்சில் செபி மறுபடியும் கட்டுப்பாடுகளை இறுக்கியது. நீங்கள் சரியாகக் கணித்திருந்தாலும் களத்தை மூடிவிடும் அதிகாரம் நடுவரிடம் இருக்கிறது.

இன்று உங்கள் மொபைலில் இருக்கும் மூன்று வழிகள்

*1. இன்ட்ராடே ஷார்ட்.* காலையில் விற்று, அன்றே வாங்கிக் கணக்கை முடிப்பது. சாதாரண முதலீட்டாளர் கையில் இல்லாத பங்கை விற்று, அந்த நிலையை அடுத்த நாளுக்குக் கொண்டுபோக முடியாது. பங்கைக் கடன் வாங்கும் எஸ்எல்பி என்ற முறை 2008-லிருந்து இருக்கிறது, ஆனால் மாணவர்கள் தொடும் விஷயம் அல்ல. நீங்கள் மறந்தாலும் மூன்றேகால் மணி வாக்கில் புரோக்கரே வாங்கி முடித்துவிடுவார். இங்கேயும் கட்டாயம்தான். நீங்கள் விற்ற பங்கு திடீரென்று அப்பர் சர்க்யூட் அடித்தால் விற்க ஆளே இருக்காது, வாங்கவே முடியாது. அப்போ எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் வாங்கி, அந்த விலையை உங்கள் தலையில் கட்டும்.

*2. ஃபியூச்சர்ஸ்.* பிற்காலத் தேதிக்கு இன்றே விலை பேசி விற்பது. இரவு தாண்டியும் வைத்திருக்கலாம். ஆனால் 2024 நவம்பருக்குப் பிறகு ஓர் இண்டெக்ஸ் ஒப்பந்தத்தின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் இருக்க வேண்டும் என்று செபி வைத்திருக்கிறது. மார்ஜின் மட்டுமே ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டணும். நிஃப்டி ஒரே ஒரு சதவீதம் எதிர்த் திசையில் போனால் அன்று மாலையே 15,000 ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து கழியும். பணம் குறைந்தால் போன் வரும், 'மார்ஜின் போடுங்க' என்று. போடவில்லையென்றால் அவர்களே முடித்துவிடுவார்கள். மறுநாள் சந்தை நீங்கள் சொன்ன மாதிரியே விழலாம். அதனால் உங்களுக்கு என்ன பயன்?

*3. புட் ஆப்ஷன்.* ஹாஸ்டலில் அதிகம் ஓடுவது இதுதான். ஏனென்றால் குறைந்த பணத்தில் நுழையலாம், நஷ்டத்துக்கும் எல்லை உண்டு. ஒரு கணக்குப் பார்ப்போம். நிஃப்டி 24,000-ல் இருக்கிறது. '24,000-க்கு விற்கும் உரிமை' தரும் புட் 200 ரூபாய். ஒரு லாட் 75 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15,000 ரூபாய் கொடுத்து வாங்குகிறீர்கள்.

எக்ஸ்பைரி நாளில் என்னென்ன நடக்கலாம்?

- நிஃப்டி 23,700: புட்டின் மதிப்பு 300. லாபம் 100 × 75 = 7,500 ரூபாய்.
- நிஃப்டி 23,850: புட்டின் மதிப்பு 150. நஷ்டம் 50 × 75 = 3,750 ரூபாய்.
- நிஃப்டி 24,000 அல்லது அதற்கு மேல்: 15,000-மும் போச்சு.

நடுவில் இருக்கும் வரியை இன்னொரு தடவை படிங்க. சந்தை விழும் என்று சொன்னீர்கள். 150 புள்ளி விழுந்தது. நீங்கள் சொன்னது சரி. ஆனாலும் காசு போச்சு! புட் வாங்குபவர் திசையை மட்டும் சரியாகச் சொன்னால் போதாது. எவ்வளவு விழும், எந்தத் தேதிக்குள் விழும், இரண்டையும் சேர்த்துச் சரியாகச் சொல்லணும். ஒவ்வொரு நாளும் அந்த 200 ரூபாயில் கொஞ்சம் கரைந்துகொண்டே இருக்கும். மெஸ்ஸில் கட்டிய அட்வான்ஸ் மாதிரி, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் நாள் கழியும்.

பயம் வந்தபிறகு வாங்கினால் இன்னும் மோசம். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். முந்தைய நாள் 23,264-ல் முடிந்த நிஃப்டி அன்று 5.9 சதவீதம் விழுந்து 21,884-ல் முடிந்தது. எல்லாரும் பயந்து புட் வாங்கும்போது புட்டின் விலையும் பயத்தோடு சேர்ந்து ஏறும். அதற்கடுத்த மூன்றே வர்த்தக நாளில், ஜூன் 7 அன்று, நிஃப்டி 23,290. விழுந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது. 4-ம் தேதி சாயங்காலம் "இன்னும் விழும்" என்று புட் வாங்கியவரின் கதியை நீங்களே யோசிச்சுக்கோங்க.

அப்போ யார் சம்பாதிக்கிறார்கள்?

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு இது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மூன்று வருஷத்தில் மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24-ல் புரோக்கரேஜ், வரி போன்ற செலவுகளுக்கு மட்டும் ஒரு நபர் சராசரியாக 26,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். 2024-25-க்கான அடுத்த கணக்கிலும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம்தான்.

நம்மைத் தொடும் எண் ஒன்று இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் பங்கு 2022-23-ல் 31 சதவீதம். 2023-24-ல் அது 43 சதவீதம். அதாவது நம் வயசுதான் வேகமாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. நஷ்டம் பார்த்தவர்களில் முக்கால்வாசிக்கு மேல் ஆட்டத்தை விடாமல் தொடர்ந்தார்கள் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

ஒருவர் இழந்தால் இன்னொருவர் கையில் அது இருக்க வேண்டுமே? 2023-24-ல் சொந்தப் பணத்தில் டிரேட் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் செலவு கழிக்கும் முன் லாபம் பார்த்தார்கள். அந்த லாபத்தில் 95 சதவீதத்துக்கு மேல் அல்காரிதம் வழியாக வந்தது. உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பது இன்னொரு ரூம்மேட் என்று நினைக்காதீங்க. எக்ஸ்சேஞ்ச் சர்வருக்குப் பக்கத்திலேயே தன் கம்ப்யூட்டரை வைத்திருக்கும் நிறுவனம் அது.

சந்தை விழுந்த ஒரு குறிப்பிட்ட நாளையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரி 17. முந்தைய நாள் வந்த ஹெச்டிஎஃப்சி வங்கியின் காலாண்டு முடிவால் வங்கிப் பங்குகள் காலையிலேயே சரிந்தன. அன்று நடந்ததைச் செபி 2025 ஜூலை 3-ம் தேதியிட்ட இடைக்கால உத்தரவில் இப்படிச் சொல்கிறது: அமெரிக்க நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட் காலையில் சுமார் 4,370 கோடி ரூபாய்க்கு வங்கிப் பங்குகளையும் அவற்றின் ஃபியூச்சர்ஸையும் வாங்கி பேங்க் நிஃப்டியைத் தாங்கிப் பிடித்தது. சந்தை தேறுகிறது என்ற தோற்றம் வந்தது. அதே நேரத்தில் ஆப்ஷன்ஸில், குறியீடு விழுந்தால் லாபம் தரும் பக்கத்தில், அதைவிடப் பல மடங்கு பெரிய நிலையை எடுத்தது. மதியத்துக்கு மேல் வாங்கியதையெல்லாம் விற்றது. பங்குகளில் சுமார் 61 கோடி நஷ்டம், ஆப்ஷன்ஸில் சுமார் 735 கோடி லாபம். ஒரே நாளில்.

செபி இதை விலை மோசடி என்று சொல்லி 4,843 கோடி ரூபாயை முடக்கியது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. வழக்கில் யார் சொல்வது சரி என்று நாம் தீர்ப்பு எழுத வேண்டாம். நமக்குத் தேவையான பாடம் அளவு. 15,000 ரூபாயோடு நீங்கள் நுழையும் அதே அறையில் இந்த அளவு பணத்தோடும் ஆட்கள் இருக்கிறார்கள். சந்தை விழுந்த நாளில் சம்பாதித்தவர்கள் அவர்கள்.

அப்படியென்றால் இந்தக் கருவிகள் எதற்கு?

ஃபியூச்சர்ஸும் புட்டும் சூதாடுவதற்காகப் பிறந்தவை அல்ல. ஏற்கெனவே பொருள் வைத்திருப்பவர், அதன் விலை விழுந்தால் தாங்கிக்கொள்வதற்காகப் பிறந்தவை. மறுபடியும் மலைக்குப் போவோம்.

சேர்வராயன் மலையில் காபி இருநூறு வருஷப் பயிர். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்தது என்பார்கள். ஆனால் அரபிகா காபியின் விலைக்கு உலகமே பார்ப்பது நியூயார்க் சந்தையை. அந்த விலை செய்திருக்கும் வேலையைப் பாருங்க: 1977-ல் ஒரு பவுண்டு 3 டாலருக்கு மேல். 1989 ஜூலையில் சர்வதேசக் காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிக் கோட்டா முறை உடைந்ததும் சரிவு. 1997-ல் மறுபடி 3 டாலர். 2001 கடைசியில் அரை டாலருக்கும் கீழே. 2025 பிப்ரவரியில் 4 டாலருக்கு மேல். 1996 வரை இந்தியாவில் காபி வாரியம் நடுவில் இருந்தது. அதன்பிறகு விவசாயி உலக விலையோடு நேருக்கு நேர்.

இப்போ ஒரு பெரிய தோட்டக்காரர், அறுவடைக்கு முன்னாடியே ஃபியூச்சர்ஸில் விற்று வைக்கிறார் என்று வையுங்கள். விலை விழுந்தால் காபியில் நஷ்டம், ஃபியூச்சர்ஸில் லாபம். ஏறினால் ஃபியூச்சர்ஸில் நஷ்டம், காபியில் லாபம். எப்படிப் போனாலும் ஏறக்குறைய ஒரே பணம் கையில் வரும். இவருக்கு 1982-ன் கரடிகளுக்கு வந்த கதி வராது. கொடுக்க வேண்டிய சரக்கு இவர் களத்திலேயே காய்கிறது.

பங்கிலும் இதேதான். 18 லட்சம் ரூபாய்க்கு இண்டெக்ஸ் ஃபண்ட் வைத்திருக்கும் ஒருவர், நாம் மேலே பார்த்த அதே புட்டை 15,000-க்கு வாங்குகிறார். சந்தை விழவில்லையென்றால் அந்த 15,000 போகும். பைக் இன்சூரன்ஸ் கிளைம் பண்ணாமல் வருஷம் முடிந்த மாதிரி, அவருக்கு அது நிம்மதிதான். எந்த முதலீடும் இல்லாமல் புட் மட்டும் வாங்குவது என்பது, அடுத்தவர் பைக்குக்கு இன்சூரன்ஸ் போட்டுவிட்டு அது எப்போ விழும் என்று ரோட்டோரம் காத்திருப்பது. விழலாம். ஆனால் பிரீமியம் கட்டிக்கொண்டே எத்தனை நாள் நிற்பீர்கள்?

செம்மநத்தத்து வழி

ஒரு சின்னச் சிக்கல் உண்டு. நியூயார்க்கில் ஒரு காபி ஒப்பந்தம் என்பது 37,500 பவுண்டு, கிட்டத்தட்ட 17 டன். செம்மநத்தம் மாதிரி ஊரில் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் 17 டன்னுக்கு எங்கே போவார்? அந்தக் கருவி அவருக்கு எட்டாது. பல விஷயங்களில் அவர் நிலைமையும் நம் நிலைமையும் ஒன்றுதான்: சின்ன முதல், பெரிய சந்தை.

மலைத் தோட்டங்கள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் பதில் எளிமையானது. காபிக்கு நிழல் தர சில்வர் ஓக். அந்த மரத்திலேயே மிளகுக் கொடி. இடையிடையே ஆரஞ்சு, பலா. காபி விழுந்த வருஷம் மிளகு கைகொடுக்கலாம். அதோடு, நன்றாகக் காய்ந்த மிளகு சீக்கிரம் கெடாது. மூட்டை கட்டி வைத்துவிட்டு, விலை பிடித்தால் விற்கலாம், இல்லையென்றால் காத்திருக்கலாம்.

ஆனால் காத்திருக்க யாரால் முடியும்? கடன் தவணை கழுத்தைப் பிடிக்காதவரால் மட்டும். அறுவடை முடிந்த கையோடு வட்டி கட்ட வேண்டியவர், ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டியவர், விழுந்த விலைக்கே விற்றுவிட்டுப் போவார். அதே மூட்டையை வாங்கி வைத்திருந்து ஏறும்போது விற்பவருக்குத்தான் அந்த இறக்கத்தின் லாபம். இரண்டு பேருக்கும் மிளகைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான். ஒருவருக்குக் கட்டாயம் இருந்தது, இன்னொருவருக்கு இல்லை.

இப்போ பின்னால் திரும்பிப் பாருங்க. 1982-ல் கரடிகளுக்குப் பங்கு கொடுக்க வேண்டிய கட்டாயம். இன்ட்ராடேயில் மூன்றேகால் மணிக் கட்டாயம். ஃபியூச்சர்ஸில் மார்ஜின் கட்டாயம். ஆப்ஷனில் எக்ஸ்பைரி கட்டாயம். சந்தை விழும்போது பணம், கட்டாயத்தில் இருப்பவரிடமிருந்து கட்டாயம் இல்லாதவரிடம் போகிறது. உங்கள் கேள்வியை "எப்படி ஷார்ட் அடிப்பது" என்று வைக்காமல், "விழும் நேரத்தில் கட்டாயம் இல்லாதவனாக நான் இருப்பது எப்படி" என்று மாற்றிக்கொண்டால் வழி தெளிவாகத் தெரியும்.

கட்டாயம் இல்லாதவரின் கணக்கு

மாதம் 1,000 ரூபாய் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி போடுகிறீர்கள். யூனிட் விலை ஐந்து மாதத்தில் 100, 80, 50, 80, 100 என்று போகிறது. அதாவது பாதியாக விழுந்து, பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. கிடைத்த யூனிட்கள்: 10, 12.5, 20, 12.5, 10. மொத்தம் 65. போட்ட பணம் 5,000. இன்றைய மதிப்பு 6,500. சந்தை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, உங்களுக்கு 30 சதவீத லாபம். லாபத்தைக் கொடுத்தது 50 ரூபாய்க்கு வாங்கிய அந்த 20 யூனிட். பயந்து அந்த மாதம் நிறுத்தியிருந்தால்? 45 யூனிட், 4,000 போட்டு 4,500. லாபம் 12.5 சதவீதம்தான்.

நிஜத்தில் இது இவ்வளவு அழகாக ஐந்து மாதத்தில் நடக்காது. ஆனால் நடந்ததும் உண்டு. 2020 ஜனவரி நடுவில் 12,362-ல் முடிந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610-ல் முடிந்தது. காலையில் வர்த்தகத்தையே 45 நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். அந்த வருஷம் முடியும்போது நிஃப்டி ஏறக்குறைய 13,980. மார்ச்சில் விற்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களுக்கும், வாங்கக் கையில் கொஞ்சம் காசு வைத்திருந்தவர்களுக்கும் அந்த இறக்கம் கொடுத்தது அதிகம். ஒரு எச்சரிக்கை: இது பல நிறுவனங்கள் சேர்ந்த இண்டெக்ஸுக்குப் பொருந்தும். தனிப் பங்கு விழுந்தால் திரும்பி எழும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

செய்ய வேண்டியவை, சுருக்கமாக

- ஃபீஸ் பணம், மெஸ் பணம், கல்விக் கடன், லோன் ஆப்பில் எடுத்த பணம் எதுவும் சந்தைக்குள் போகக் கூடாது. இவற்றுக்கெல்லாம் தேதி உண்டு. தேதி உள்ள பணம் கட்டாயத்தில் இருக்கும் பணம்.
- முதலில் மூன்று மாதச் செலவுக்கான தொகையைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அதுதான் உங்கள் காய்ந்த மிளகு மூட்டை.
- எஸ்ஐபி 500 ரூபாயில்கூடத் தொடங்கலாம். இறக்கத்தில் நிறுத்தாதீர்கள்.
- புட் வாங்கியே ஆகணும் என்று கை அரித்தால் மூன்று கேள்விக்குக் காகிதத்தில் பதில் எழுதுங்கள். இது எதைப் பாதுகாக்கிறது? எந்தத் தேதிக்குள், எத்தனை புள்ளி விழுந்தால் எனக்கு முதல் திரும்பும்? பாதி மட்டும் விழுந்தால் எவ்வளவு போகும்? முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால் மற்ற இரண்டையும் எழுத வேண்டியதில்லை.
- கருவியைக் கற்றுக்கொள்ள ஆசையா? தாராளமாக. காகிதத்தில் மூன்று மாதம் டிரேட் செய்து, ஒவ்வொன்றிலும் புரோக்கரேஜ், எஸ்டிடி, ஜிஎஸ்டி கழித்துப் பாருங்கள். நம்மில் பலருக்கு இன்ஜினியரிங் மேத்ஸில் ப்ராபபிலிட்டி வருகிறது. இதைவிட நல்ல லேப் கிடைக்காது.
- டெலிகிராமில் "இறக்கத்திலும் தினம் 5,000 உறுதி" என்று சொல்பவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள், செபி இணையதளத்தில் சரிபாருங்கள். டீமேட் பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். உறுதியாகச் சம்பாதிக்கத் தெரிந்தவருக்கு உங்கள் 999 ரூபாய் சந்தா எதற்கு?
- எஃப் அண்ட் ஓ வரவு செலவு வருமான வரியில் பிசினஸ் கணக்கில் வரும். நஷ்டமே ஆனாலும், அதை அடுத்த வருஷங்களுக்குக் கொண்டுபோகக் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போடணும்.

அடுத்த இறக்கம் எப்போ வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வரும். அன்றைக்கு உங்கள் ரூமில் யாராவது "புட் வாங்கு மச்சான்" என்றால், "எதுக்கு இன்சூரன்ஸ் போடுற, உன்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் உட்கார்ந்து பேசுங்கள். வரவில்லையென்றால் அந்த 15,000-ஐக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு அவரிடமே ஒரு காபி வாங்கிக் குடிச்சுட்டு வாங்க.